அப்பாவுக்கு நான் வாசித்துச் சொல்லாத வரி

இந்த ஊரில் குடிக்கத் தண்ணீர் கேட்டால் இளஞ்சிவப்பு நிறத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். பதிமுகம் என்கிற மரச்சீவலைப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். வெதுவெதுப்பாக இருக்கும், ருசி என்று பெரிதாக எதுவும் தெரியாது. திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கேன்டீனில் அதைப் பார்த்துவிட்டு, எனக்கு முன்னால் யாரோ எதையோ குடித்த டம்ளரைக் கழுவாமல் தந்துவிட்டார்கள் என்று சண்டைக்குப் போனேன். பரிமாறிய சேச்சி என்னை ஏற இறங்கப் பார்த்து, "தமிழ்நாட்டீந்நாணோ?" என்று மட்டும் கேட்டார். ஐந்து வருடம் ஆகிறது. இப்போது வள்ளியூரில் எங்கள் வீட்டுக்குப் போனால், டம்ளரில் நிறமே இல்லாமல் நிற்கிற தண்ணீரைப் பார்க்கத்தான் எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

அப்பாவுக்கு அந்தச் சிவப்புத் தண்ணீர் ஆகவே ஆகாது. "கைய கழுவுன தண்ணியக் கொண்டாந்து வைக்கான்" என்பார். அவர் அரசு பஸ் ஓட்டுநர். இருபது வருடமாகத் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஓட்டுகிறார். எத்தனை ஆயிரம் தடவை இந்த ஊருக்குள் வந்திருப்பாரோ, தம்பானூர் பஸ் நிலையத்தைத் தாண்டி உள்ளே வந்தது மொத்தமாகப் பத்து தடவைகூட இருக்காது. வருவார், வண்டியை நிறுத்துவார், ஒரு டீ, கழிப்பறை, திரும்ப ஏறி உட்கார்ந்துவிடுவார். நான் இங்கே வேலைக்கு வந்த பிறகும் அதே கதைதான். என் அறைக்கு வரச் சொன்னால், "ஒன் ஊரு எனக்கு பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தாம்ட்டி தெரியும்" என்று சிரிப்பார்.

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் அந்த பஸ் நிலையத்திலிருந்துதான் கூப்பிட்டார். அலுவலகத்தில் ஒரு மீட்டிங்கில் இருந்தேன். "ஏட்டி, ஒரு விசயம். பெருசால்லாம் ஒண்ணுமில்ல. ஒண்ணுக்கு வரமாட்டேங்குது." எப்போதிலிருந்து என்று கேட்டேன். "காலையில நாங்குநேரி தாண்டுனதுல இருந்து." அவர் குரலில் சிரிப்பு இருந்தது. வலி தாங்க முடியாதபோது அப்பா சிரிப்பார். அம்மா போனபோதும் அப்படித்தான் வாசலில் நின்று எல்லாரிடமும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஆட்டோ பிடித்துப் போய், அவரை அள்ளிப் போட்டுக்கொண்டு ஒரு மருத்துவமனைக்கு ஓடினேன். குழாய் செருகியதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. கட்டிலில் கிடந்த அப்பா கண்ணை மூடிக்கொண்டு, "மழ பெஞ்சு ஓஞ்ச மாதிரி இருக்கு" என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். ப்ராஸ்டேட் சுரப்பி பெரிதாக வீங்கி வழியை அடைத்திருக்கிறது. பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் புற்றுநோய்க்கான சந்தேகம் எதுவும் இல்லை. மாத்திரையில் சரிக்கட்டும் கட்டத்தைத் தாண்டிவிட்டது, லேசர் வைத்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

என்னைத் தெரிந்தவர்களுக்கு அடுத்து நான் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியும். நான் சாஃப்ட்வேர் டெஸ்டர். ஒரு விஷயம் கையில் கிடைத்தால் அதன் அடிமண் வரை தோண்டாமல் தூக்கம் வராது. இரண்டு நாளில் லேசர் அறுவையின் வீடியோக்கள் முப்பதாவது பார்த்திருப்பேன். ஒன்பது ஸ்லைடு போட்டு அப்பாவுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். நம்மூரில் இதை வாசிக்கிற பலர் வீட்டிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொல்லைப்பக்கம் போய்வரும் ஓர் அப்பாவோ மாமாவோ இருப்பார். வயசானால் அப்படித்தான் என்று அவரும் சொல்லியிருப்பார், நீங்களும் நம்பியிருப்பீர்கள். அதனால் அந்த வகுப்பைச் சுருக்கமாக இங்கேயும் சொல்லிவிடுகிறேன்.

சுரப்பி ஒரு சாத்துக்குடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர்க் குழாய் அதன் நடுவில் துளைத்துக்கொண்டு போகிறது. சுளை பெருத்தால் குழாய் நசுங்கும். லேசரில் வெளியே கத்தி படாது. சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியை விட்டு, சுளையை மட்டும் தோலிலிருந்து பிரித்து உள்ளேயே பொடியாக்கி உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்வார்கள், ஆள் விழித்துக்கொண்டே இருக்கலாம். ஒன்றிரண்டு மணி நேரம். அதன் பிறகு ஓரிரு நாள் குழாய் இருக்கும், உப்புத் தண்ணீர் உள்ளே போய்க் கழுவிக்கொண்டே இருக்கும். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். குழாயை எடுத்த பிறகு முதல் சில நாள் எரியும், அவசரமாக வரும், கழிப்பறை போவதற்குள் கசியும். அதற்கு அடக்குகிற தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி உண்டு. பெரும்பாலானவர்களுக்கு வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்கு மாதங்களாகும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், மலச்சிக்கல் வரவிடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, டாக்டர் சொல்லும் வரை ஸ்டியரிங்கில் கை வைக்கக் கூடாது.

அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "டீசல் லைன்ல அடப்பு. ட்யூப மாத்தாம உள்ளுக்குள்ளயே சொரண்டி எடுக்கான். இதுக்கா இத்தன படம் போட்ட?" என்றார்.

இதற்கிடையில் ஊரிலிருந்து லதா சித்தி வந்துவிட்டார். அவரை இந்தக் கட்டுரையில்தான் சித்தி என்று எழுதுகிறேன். இதுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என் போனில் வெறும் 'லதா'. அம்மா இறந்து நான்கு வருடம் கழித்து அப்பா கல்யாணம் செய்துகொண்டவர். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு முந்திரி ஆலையில் வேலை பார்த்து, தம்பி தங்கைகளைக் கரையேற்றி, முப்பத்தைந்து வயது வரை தனக்கென்று எதுவும் பார்க்காமல் இருந்தவர். அந்தக் கல்யாணத்துக்கு நான் எதிர்ப்புச் சொல்லவில்லை. முற்போக்கான பெண்ணல்லவா. வாட்ஸ்அப்பில் சிவப்பு இதயம் அனுப்பினேன். ஆனால் அந்த வாரம் பார்த்து அலுவலகத்தில் மென்பொருள் ரிலீஸ் இருந்தது, போகவில்லை. வேறு யாரையாவது வைத்து அந்த ரிலீஸைப் பார்த்திருக்கலாம் என்பது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

மருத்துவமனையில் நோயாளியுடன் ஓர் ஆளைத்தான் உள்ளே விடுவார்கள். அந்த ஆளுக்கு இங்கே பைஸ்டாண்டர் என்று பெயர், கழுத்தில் ஒரு பாஸ் தொங்கும். பாஸ் என் கழுத்தில் தொங்கியது. சித்தி பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே வரிசை நாற்காலியில் இருந்தார். நர்ஸ் பிள்ளை ஒன்று வந்து அப்பாவை "அப்பூப்பா" என்று கூப்பிட்டது. தாத்தா என்று அர்த்தம். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "எனக்கு அம்பத்திமூணுதான் ஆவுதுன்னு அந்தப் பிள்ளகிட்ட சொல்லு." நான் சொன்னேன். நர்ஸ், "அய்யோ, சாரி அங்கிளே" என்று சிரித்தது. நானும் சிரித்தேன். ரொம்ப நேரம் சிரித்தேன்.

அறுவைக்கு முந்தைய ஆலோசனை. டாக்டர் அப்பாவைத் திரைக்குப் பின்னால் படுக்க வைத்துப் பரிசோதித்தார். எங்கே விரல் விட்டுப் பார்ப்பார்கள் என்பதை ஸ்லைடில் போட்டிருந்தும் அப்பா அதை எதிர்பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது, சத்தமே இல்லை. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு டாக்டர் மேசைக்கு வந்தார். அப்பா உள்ளே வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். டாக்டர் குரலைத் தாழ்த்தி, மலையாளமும் இங்கிலீஷுமாக என்னிடம் ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாம் எனக்குத் தெரிந்ததே. நான் தலையாட்டிக்கொண்டே வந்தேன். பிறகு, "சர்ஜறி கழிஞ்ஞா பின்னெ ஷுக்லம் புறத்தேக்கு வரில்ல" என்றார். விந்து வெளியே வராது, பின்பக்கமாகச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். அதுவும் எனக்குத் தெரியும். வீடியோக்களில் எல்லாம் இருந்தது. ஒன்பது ஸ்லைடில் அது இல்லை.

"இனி குட்டிகள் வேணம் எந்நொந்நும் இல்லல்லோ?"

இனிமேல் பிள்ளை பெற்றுக்கொள்ளும் யோசனை எதுவும் இல்லையே என்று கேட்கிறார். அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி. அப்பா திரைக்குப் பின்னால் இருக்கிறார். முன்னால் இருபத்தாறு வயதில் நான் உட்கார்ந்திருக்கிறேன். "ஏய், இல்ல டாக்டர்" என்றேன். மலையாளத்தில் 'ஏய்' என்றால் சேச்சே. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. டாக்டரும் புன்னகைத்தார். "எந்நாலும் அச்சனோடு பறயணே" என்றார். ஆனாலும் அப்பாவிடம் சொல்லிவிடு.

அப்பா வேட்டியை இறுக்கிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். "என்ன சொல்லுதாரு?"

"கொஞ்ச நாளைக்கு எரிச்சல் இருக்குமாம்."

பிறகு ஒப்புதல் படிவம். ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் இங்கிலீஷ். தமிழில் இல்லை. வராந்தாவில் மூவரும் உட்கார்ந்தோம். சித்தி கையை நீட்டினார். "இஞ்ச தா மக்ளே, நான் மலையாளம் வாசிப்பேன். எங்க பள்ளிக்கூடத்துல மலையாளந்தானே." எல்லைப் பக்கத்துப் பள்ளிகளில் அப்படி உண்டு. அவர் அப்படிப் படித்தவர் என்று எனக்குத் தெரியாது, அவரைப் பற்றி எதைத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்? "வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன். நீங்க கீழ ஃபார்மசில இந்தச் சீட்டக் குடுத்து மருந்து வாங்கிட்டு வந்திருங்க" என்றேன். அவர் சீட்டை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். ரத்தக்கசிவு வரலாம். தொற்று வரலாம். கட்டுப்பாடு கொஞ்ச காலம் குறையலாம். குழாய் பின்னால் சுருங்கி மறுபடி அடைக்கலாம். மயக்க மருந்தின் விளைவுகள். ஆறாவது வரிக்கு வந்தபோது அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பார்ப்பது போல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வரியைத் தமிழில் சொல்ல என்ன வார்த்தை இருக்கிறது என்று தேடினேன். மலையாளத்தில் என்றால் யாரிடமும் சொல்லிவிடுவேன், இங்கிலீஷில் என்றால் மைக் பிடித்துச் சொல்வேன். தமிழில் நான் அவர் மகள். தாண்டி ஏழாவது வரிக்குப் போய்விட்டேன். அப்பா தமிழில் கையெழுத்துப் போட்டார், பஸ் டிரிப் ஷீட்டில் போடுவது போல நீளமாக.

அறுவை நன்றாக நடந்தது. மறுநாள் கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையில் சிறுநீர் இளஞ்சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "ஒங்க ஊரு ஓட்டல் தண்ணி வருதுட்டி எனக்கு" என்றார். பார்வை நேரத்துக்கு உள்ளே வந்திருந்த சித்தி சிரித்துத் தண்ணீர் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டார். நர்ஸ் வந்து, "மூத்ரமொழிக்கான் தோந்நுந்நுண்டோ அங்கிளே?" என்று கேட்டது. போக வேண்டும் போலத் தோன்றுகிறதா என்று. அப்பா போகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் குழாயோடு எழுந்து நின்றுவிட்டார். நர்ஸ் அலறி அடித்துப் படுக்க வைத்தது. குழாய் உள்ளே இருக்கும்போது அப்படித் தோன்றிக்கொண்டேதான் இருக்கும், அது தெரியாமல் பயந்துவிடாதீர்கள். அந்த மூன்று நாட்கள் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்று எழுதினால் நம்புவீர்களா? இருந்தோம். சித்தி எனக்கும் சேர்த்துத் தலைவாரி விட்டார். நான் தடுக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. அப்பா வேலையில் சேர்ந்துவிட்டிருந்தார். மெஷினுக்குள் சிறுநீர் கழிக்க வைத்து வேகத்தை வரைபடமாக எடுப்பார்கள். முதல் தடவை தட்டையாக நீண்டு கிடந்த கோடு இப்போது மலை மாதிரி ஏறி இறங்கியிருந்தது. அந்தத் தாளை நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, இந்த முறை நர்ஸிடம் கேட்டு எங்களோடு உள்ளே வந்திருந்த சித்தி, டாக்டரிடம் மலையாளத்தில் பேச ஆரம்பித்தார். அவ்வளவு சுத்தமான மலையாளம். தலை குனிந்திருந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு மாற்றம் தெரிகிறது, நாங்கள் இரண்டு வருடமாக ஒரு குழந்தைக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஒன்று தங்கி மூன்றாம் மாதம் போய்விட்டது, எனக்கு முப்பத்தெட்டு ஆகப்போகிறது, இது எப்போது சரியாகும்?

டாக்டர் கோப்பைப் புரட்டினார். குரலில் கோபம் இல்லை. இது முன்னாலேயே சொன்னதுதானே, கையெழுத்தும் போட்டிருக்கிறாரே என்றார். இது பெரும்பாலும் பழையபடி திரும்பாது. தாம்பத்தியத்துக்குத் தடை இல்லை, உடம்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் இயற்கையாகக் கரு தங்குவது கடினம். பிள்ளை வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தால் விந்தைச் சேமித்து வைத்திருக்கலாம், வேறு சிகிச்சைகளும் யோசித்திருக்கலாம். இப்போதும் வழிகள் உண்டு, அதற்கான டாக்டரைப் பார்க்க வேண்டும், வயதும் பார்க்க வேண்டும். பேசிக்கொண்டே அவர் என் பக்கம் திரும்பினார்.

அப்பாவும் என்னைத்தான் பார்த்தார். கண்ணாடி நெற்றியில் இருந்தது. ஒரு நொடிதான். மலையாளம் பாதிதான் புரிந்திருக்கும், ஆனாலும் அதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"ஆமா டாக்டர். சொன்னாங்க. மக எல்லாத்தையும் வெளக்கமாச் சொன்னா. நாந்தான் வீட்டுல சொல்லல" என்றார்.

சித்தி மடியிலிருந்த பையை மூடினார். பிறகு எழுந்து, டாக்டரைக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார். நானும் அப்பாவும் கேன்டீன் வாசலில் நின்றோம். நான் அழத் தொடங்கியபோது அப்பா, "வாயப் பொத்து. அவ வந்திருவா" என்றார். சொல்லிவிடுகிறேன் என்றேன். "ஒண்ணும் சொல்லப்படாது. என்மேல கோவப்பட்டா ரெண்டு மாசம் பேசமாட்டா, பெறவு பேசுவா. ஒன்மேல கோவப்பட்டா? தெருவுல எவ கேட்டாலும் எனக்கு ஒரு மக இருக்கா, திருவனந்தபுரத்துல வேல பாக்காண்ணு சொல்லிக்கிட்டு அலையுதா. இனிமே அவளுக்கு அது ஒண்ணுதாம்ட்டி மிச்சம். அதையும் எடுத்திராத."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஆறு வாரம். ஞாயிற்றுக்கிழமைதோறும் சித்தி எனக்கு வழக்கம்போலக் கூப்பிட்டார். சாப்பிட்டியா மக்ளே, துணி துவைச்சியா மக்ளே. அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. அப்பா டிப்போவிலிருந்து தனியாகக் கூப்பிடுவார். வீட்டில் சோறு பொங்கி வைத்திருக்கும், அவர் போட்டுச் சாப்பிட வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டு என் வழியாகத்தான் சித்தியை விசாரித்தார். "அவளுக்குத் தலைவலி எப்படி இருக்குன்னு கேளு." அந்த வேலையையும் நான் மொழிபெயர்ப்பாளர் மாதிரிச் செய்தேன். ஏழாவது ஞாயிறு தாங்க முடியவில்லை. காலையிலேயே பஸ் ஏறிவிட்டேன். எல்லையிலிருக்கும் களியக்காவிளை தாண்டும் வரை சித்தியிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் மலையாளத்தில்தான் அடுக்கிக்கொண்டிருந்தேன் என்பது, வள்ளியூரில் இறங்கியபோதுதான் உறைத்தது.

அப்பா டியூட்டிக்குப் போயிருந்தார். சித்தி அவருடைய காக்கிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் எழுந்து போய், அலமாரியிலிருந்து மருத்துவமனைக் கோப்பை எடுத்துவந்து என் முன்னால் விரித்தார். ஒப்புதல் படிவத்தின் நகல். வரிகளுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னச் சின்ன டிக். வாசிக்க வாசிக்க நான் போட்டவை. சோதித்து முடித்த வரிக்கு டிக் போடுவது என் அலுவலகப் பழக்கம், போட்டதே எனக்கு நினைவில்லை. ஒன்று முதல் ஐந்து வரை டிக். ஏழு முதல் பன்னிரண்டு வரை டிக். ஆறாவது வரி வெறுமையாக இருந்தது.

"எப்ப பாத்தீங்க?"

"போன வாரம். பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டு தேடுனப்ப." காக்கிச் சட்டையின் காலரை விரலால் நீவினார். "எனக்க வீட்டுக்காரர் எனக்கிட்ட மறைப்பாருண்ணு ஒன்றர மாசம் நெனச்சிட்டே கெடந்தேன் மக்ளே. ஒரு வாய் தண்ணி நான் கையால எடுத்துக் குடுக்கல்ல. அவரு ஒண்ணும் செல்லாம போட்டுத் தின்னுட்டுப் போனாரு."

நான் மன்னிப்புக் கேட்டேன். எந்த வார்த்தையில் என்று நினைவில்லை. அவர் கையை உயர்த்தினார்.

"அது கெடக்கட்டும். ஒண்ணு மட்டும் செல்லு. வெக்கத்துல விட்டியா, வேணும்ண்ணு விட்டியா?"

இந்தக் கேள்வியை நான் என்னிடமே கேட்காமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். வெட்கம்தான் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நானும் நாளடைவில் நம்பியிருப்பேன். ஆனால் அவரைப் படியிறங்க வைத்தது வெட்கம் இல்லை. டாக்டரிடம் சட்டென்று "ஏய், இல்ல" என்றதும் வெட்கம் இல்லை. அம்மா இருந்த வீட்டில் இன்னொரு குழந்தை தவழும் என்ற ஒரு படம் எனக்குள் எங்கோ இருந்திருக்கிறது, அதன் மேல் நான் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அவர்கள் அப்படி ஆசைப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, அது உண்மை. தெரிந்துகொள்ள வேண்டாம் என்று இருந்தேன், அதுவும் உண்மை.

"ரெண்டும்" என்றேன்.

சித்தி ஆறாவது வரியை விரலால் தொட்டார். பிறகு கோப்பை மூடி, மடித்த சட்டைகளின் மேல் வைத்து, மொத்தமாகத் தூக்கிக்கொண்டார். "உள்ளதச் செல்லிட்ட" என்றார். உள்ளே போகும்போது திரும்பாமலே சொன்னார்: "ஒனக்க ஊருக்கு பஸ் அஞ்சு மணிக்கு இருக்கு."

திருவனந்தபுரத்தை அந்த வீட்டில் யாரும் என் ஊர் என்று அதுவரை சொன்னதில்லை, அப்பா விளையாட்டாகச் சொல்வதைத் தவிர.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வருவதில்லை. அப்பா கூப்பிடுகிறார், ஆனால் சுருக்கமாக. போன வாரம் ஒரு வாய்ஸ் மெசேஜ்: "அவளும் நானும் வெள்ளிக்கிழம அங்க வாரோம். பிள்ளைக்குப் பாக்க டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்களாம். அவளே போன் போட்டு எல்லாம் பேசிட்டா. நீ லீவு போடாண்டாம்." பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

லீவு போடவில்லை. மூன்று மணிக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தம்பானூரில் பத்திரிகைக் கடைக்குப் பக்கத்துத் தூண் மறைவில் நின்றேன். நாலரை மணி இருக்கும், டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு ஊர் திரும்ப வந்தார்கள். அவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள் என்பதைத்தான் முதலில் பார்த்தேன். சித்தி முன்னால், அப்பா அரை அடி பின்னால், கையில் பிளாஸ்டிக் உறையில் புதுக் கோப்பு. சித்தி ஒரு நடத்துநரை நிறுத்தி மலையாளத்தில் எந்த பஸ் என்று விசாரித்தார். இருபது வருடம் இந்த இடத்தில் வண்டியை நிறுத்தி எடுத்த அப்பா, தெரியாதவர் போலப் பக்கத்தில் நின்று சித்தி கேட்டுச் சொல்லும் வரை காத்திருந்தார். சித்தி ஏதோ சொன்னார், அப்பா சிரித்தார். வலிக்கும்போது சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும். இது அது இல்லை.

கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். டாக்டரம்மா என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும் போலிருந்தது. பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்து, ஒவ்வொரு எண்ணுக்கும் அர்த்தம் தேடி, வீடியோ பார்த்து, ஸ்லைடு போட்டு. அவர்களுக்கு இப்போது நான் எதற்கும் தேவையில்லை. சித்தி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கோப்பை மடியில் வைத்துக்கொண்டார்.

கையில் பெரிய பையோடு ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். "மோளே, இது நாகர்கோவில் வழி போகுந்ந வண்டியாணோ?"

"அதே. வள்ளியூர் வழி திருநெல்வேலிக்கு. கேறிக்கோளூ, இப்போ எடுக்கும்" என்றேன்.

அவர் பையைத் தூக்கிக்கொண்டு ஏறி, அவர்களுக்குப் பின்னால் காலியாக இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது.